பாவத்தை மன்னிக்கிற அதிகாரம்: மாற்கு 2 பற்றிப் பிள்ளைகள் கேட்ட மூன்று கேள்விகள்

பாலையூற்று_ரீச்சர்:

தவக்கால மறைக்கல்வி வகுப்பில் மாற்கு 2:1-12 படிப்பிக்கிறேன். நாலு பேர் தூக்கிவந்து கூரையைப் பிரித்து இறக்கிய முடக்குவாதக்காரருடைய பகுதி. இயேசு முதலில் அவருடைய பாவங்களை மன்னிக்கிறார்; மறைநூல் அறிஞர் அதைக் கடவுள் பழிப்பு என்று நினைக்க, பிறகு அவரைச் சுகப்படுத்துகிறார். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள். மூன்று கேள்விகளில் வகுப்பு நிற்கிறது.

ஒன்று: "கடவுள் ஒருவர்தான் மன்னிக்கலாம் எண்டு மறைநூல் அறிஞர் நினைச்சது சரிதானே? பிறகு ஏன் இயேசு அவையைப் பிழைபிடிக்கிறார்?"

இரண்டு: "இயேசு மன்னிச்சது விளங்குது. சுவாமிமாருக்கு (குருமாருக்கு) அது எப்பிடி வந்தது?" பாடசாலையில் கூடப் படிக்கும் மெதடிஸ்தப் பிள்ளைகள் தாங்கள் நேரே ஆண்டவரிடம் கேட்பதாகச் சொல்கிறார்களாம்.

மூன்றாவது, ஒரு சைவப் பிள்ளை தன் தோழனிடம் கேட்டது: "செய்த வினையை அனுபவிக்காமல், ஒருத்தர் வாயால சொன்ன உடனே எப்பிடிப் போகும்?" இதற்கு எங்கள் பிள்ளை பதில் இல்லாமல் வந்து நின்றான்.

உயிர்ப்பு விழாவுக்கு முன் பிள்ளைகளைப் பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கு) ஆயத்தப்படுத்தவும் வேண்டும். வசனம், திருச்சபைச் சட்ட எண் எல்லாம் போட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும். மெதடிஸ்த, அங்கிலிக்கன் சகோதரர்களும் உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள். அதையும் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும்.

மூலமொழி_வாசகன்:

ரீச்சர், முதல் கேள்வி கேட்ட பிள்ளையைப் பாராட்டுங்கள். மறைநூல் அறிஞருடைய கோட்பாட்டை இயேசு ஒரு சொல்லாலும் மறுக்கவில்லை. கடவுள் ஒருவரே மன்னிக்கிறவர் என்பது அந்தப் பகுதியில் இரு தரப்புக்கும் பொது. தங்கள் முன் நிற்கிறவர் யார் என்பதில்தான் அவர்கள் தவறினார்கள்.

இதைப் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணத்தாலேயே விளங்கப்படுத்தலாம். எபிரேயத்தில் மன்னிப்பதற்கு 'சாலாஹ்' என்றொரு வினை உண்டு. பழைய ஏற்பாட்டில் அந்த வினையைச் செய்கிறவர் எப்போதும் கடவுள்தான். மனிதர் எழுவாயாக வருவதே இல்லை. லேவியர் 4ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். குரு பாவக்கழுவாய் நிறைவேற்றுவார். அது செய்வினை, மனிதனுடைய வேலை. அடுத்து வருவது 'மன்னிக்கப்படும்', செயப்பாட்டு வினை. இரத்தத்தைத் தெளிக்கிறவர் குரு, மன்னிக்கிறவர் கடவுள். தாவீதிடம் நாத்தான் பேசும்போதும் (2 சாமுவேல் 12:13) 'ஆண்டவர் உமது பாவத்தை நீக்கிவிட்டார்' என்று படர்க்கையில்தான் சொல்கிறார். இறைவாக்கினர் செய்தியைக் கொண்டு வருகிறவர், மன்னிப்பு அவருடையதல்ல.

இப்போது மாற்கு 2:5. 'மகனே, உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன.' இதுவும் செயப்பாட்டு வினைதான். ஆனால் பலி இல்லை, எருசலேம் கோவில் இல்லை, 'ஆண்டவர் சொல்கிறார்' என்ற முன்னுரையும் இல்லை. கப்பர்நாகூமில் ஒரு வீட்டுக்குள், தன் சொந்தச் சொல்லாகச் சொல்கிறார். கேட்டவர்களுக்கு அதுதான் உறுத்தியது. பிறகு 10ஆம் வசனத்தில் வினையே மாறுகிறது: மண்ணுலகில் பாவங்களை மன்னிக்க மானிட மகனுக்கு அதிகாரம் உண்டு. இங்கே செய்வினை, மன்னிக்கிறவர் மானிட மகன். கடவுளுக்கு மட்டும் உரிய வினையைத் தனக்கு எடுக்கிறார். 5ஆம் வசனத்தையும் 10ஆம் வசனத்தையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதி, ஒவ்வொன்றிலும் எழுவாய் எது என்று கேளுங்கள். பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

'அதிகாரம்' என்ற சொல்லையும் விடாதீர்கள். கிரேக்கத்தில் 'எக்சூசியா'. பலம், வல்லமைக்கு வேறு சொல் இருக்கிறது, 'தூனமிஸ்'. எக்சூசியா என்பது உரிமையோடு கூடிய ஆட்சி. தானியேல் 7:13-14இல் வானத்து மேகங்களோடு வருகிற மானிடமகனைப் போன்றவருக்குக் கொடுக்கப்படுவதாகக் கிரேக்கப் பழைய ஏற்பாடு சொல்வதும் இதே சொல்தான். இயேசு 'மானிட மகன்' என்று தன்னைச் சொல்லும்போது அந்தக் காட்சி பின்னால் நிற்கிறது. மாற்கு 14:62-64ஐயும் சேர்த்து வாசித்தால், இங்கே மனதுக்குள் எழுந்த 'கடவுளைப் பழிக்கிறான்' என்ற குற்றச்சாட்டு அங்கே மரணத் தீர்ப்பாக முடிவதைக் காணலாம். தலைமைக் குருவிடம் இயேசு சொன்ன பதிலும் அதே தானியேல் வசனம்.

வகுப்பில் வழமையாகத் தவறுகிற இரண்டு இடங்கள் உண்டு. 'எது எளிது?' என்ற கேள்விக்குப் பிள்ளைகள் 'மன்னிப்பதுதான் எளிது' என்று எழுதுவார்கள். இயேசு கேட்டது எதைச் *சொல்வது* எளிது என்று. 'மன்னிக்கப்பட்டது' என்று சொன்னால் அது நடந்ததா என்று யாராலும் சோதிக்க முடியாது. 'எழுந்து நட' என்றால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். சோதிக்க முடிந்ததைச் செய்துகாட்டி, சோதிக்க முடியாததற்கு அத்தாட்சி கொடுக்கிறார். மற்றது, அவர் பாவம் செய்ததால்தான் முடங்கினார் என்று பிள்ளைகள் முடிவெடுப்பது. மாற்கு அப்படி எழுதவில்லை. பிறவியிலேயே பார்வையற்றவரைப் பற்றி யோவான் 9:3இல் இயேசு அந்த எண்ணத்தை நேரடியாக மறுக்கிறார். வகுப்பில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

(கூரையைப் பற்றியும் கேட்பார்கள். மாற்கு 'தோண்டி' என்கிறார்: மரவளை, கிளை, மண் போட்டு மெழுகிய பாலஸ்தீனக் கூரை. லூக்கா 5:19 கூரை ஓடுகளைக் குறிப்பிடுகிறது. தன் வாசகர் அறிந்த வீட்டை லூக்கா எழுதினார் என்று பலர் விளக்குவார்கள்.)

இரண்டாவது கேள்விக்குப் பாலம் மத்தேயு 9:8. அதே நிகழ்ச்சியை மத்தேயு முடிக்கும்போது, இத்தகைய அதிகாரத்தை 'மனிதருக்கு' அளித்த கடவுளை மக்கள் போற்றினர் என்கிறார். பன்மை. யோவான் 20:21-23இல் உயிர்த்த இயேசு சீடர்களிடம் 'எவருடைய பாவங்களை மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும்' என்கிறார். மத்தேயு வசனத்தை அதோடு எப்படி இணைப்பது என்பதில்தான் சபைகள் பிரிகின்றன. அதை மற்றவர்கள் சொல்லட்டும்.

வெஸ்லி_வழி:

மெதடிஸ்த பக்கத்தைச் சொல்கிறேன், ரீச்சர். "நேரே ஆண்டவரிடம்" என்று எங்கள் பிள்ளைகள் சொன்னது சரி. ஆனால் அது பாதி.

கடவுளுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே (1 தீமோத்தேயு 2:5). நாம் அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் (1 யோவான் 1:9). இந்த இரண்டும் எங்கள் அடித்தளம். யோவான் 20:23ஐ நாங்கள் சுவிசேஷத்தை அறிவிக்கும் கட்டளையாக வாசிக்கிறோம். மனந்திரும்பி விசுவாசிக்கிறவனிடம் 'உனக்கு மன்னிப்பு உண்டு' என்று நிச்சயமாய் அறிவிக்கச் சபைக்கு அதிகாரம் உண்டு. அந்த அறிவிப்பு வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. கடவுள் அதன் பின்னால் நிற்கிறார். இராப்போசன ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை செய்தபின் போதகர் மன்னிப்பை அறிவிப்பது அதனால்தான்.

அந்த அறைக்குள் யார் இருந்தார்கள் என்பதும் வாதத்தில் முக்கியம். யோவான் 'சீஷர்கள்' என்கிறார். தோமா அங்கே இல்லை (20:24). லூக்கா 24:33இல் பதினொருவரோடு வேறு பேரும் கூடியிருந்ததாக வருகிறது. ஆகவே கட்டளை முழுச் சபைக்கும் என்பது எங்கள் வாசிப்பு. கத்தோலிக்க சகோதரர்கள் அப்போஸ்தல ஊழியத்துக்கு என்பார்கள்.

மற்றப் பாதியையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மனிதரிடம் பாவ அறிக்கை செய்வதை எங்கள் மரபு தள்ளிவிடவில்லை. 1738 மே 24 அன்று லண்டன் அல்டர்ஸ்கேற்றில் தன் பாவங்கள் நீக்கப்பட்டன என்ற நிச்சயத்தைப் பெற்ற ஜோன் வெஸ்லி (மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கியவர்), அதே வருடம் டிசம்பர் 25இல் சிறு குழுக்களுக்கு விதி எழுதினார். ஆதாரம், ஒருவருக்கொருவர் பாவங்களை அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16. ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கப்பட்ட முதல் கேள்வி, கடந்த கூட்டத்துக்குப் பிறகு அறிந்து செய்த பாவம் என்ன என்பதே. லூத்தரும் அப்படித்தான். தன் சிறிய ஞானோபதேசத்தில், போதகர் வாயால் வரும் மன்னிப்பைக் கடவுளிடமிருந்தே வருவதாக ஏற்கச் சொல்கிறார். லூத்தரன் சபைகளின் 1530 விசுவாச அறிக்கையான அவுக்ஸ்புர்க் அறிக்கை தனிப் பாவமன்னிப்பை வைத்துக்கொண்டு, எல்லாப் பாவத்தையும் எண்ணிச் சொல்லும் கட்டாயத்தை மட்டும் நீக்கியது. அங்கிலிக்கன் சபையின் 1662 ஜெப புத்தகத்திலும், நோயாளியைச் சந்திக்கும் ஒழுங்கில், தனக்கு ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தால் குரு 'நான் உன்னை விடுவிக்கிறேன்' என்று சொல்கிற இடம் இருக்கிறது.

எங்கள் பக்கம் வழமையாக வரும் பிழை ஒன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நேரே கடவுளிடம் என்பது பலருக்கு யாரிடமும் சொல்லாமல் விடுவதாகவும், பொதுவாக 'ஆண்டவரே மன்னியும்' என்று முடிப்பதாகவும் மாறிவிடுகிறது. பாவத்தின் பெயரைச் சொல்லாத அறிக்கை மனந்திரும்புதலில் போய் முடிவது அரிது. எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பாவத்தை அதன் பெயரால் சொல்லி ஜெபியுங்கள், யாருக்குத் தீங்கு செய்தீர்களோ அவரிடம் போங்கள் (மத்தேயு 5:23-24).

உப்புவெளிப்_பங்கு:

வெஸ்லி_வழி அண்ணா நேர்மையாக எழுதியிருக்கிறார், நன்றி. கத்தோலிக்கப் பக்கம்:

திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் (எண் 1441) கடவுள் ஒருவரே பாவத்தை மன்னிக்கிறார் என்றுதான் தொடங்குகிறது. குரு தன் சொத்திலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. யோவான் 20:22-23 பாவமன்னிப்பு என்ற இந்த அருளடையாளத்தையே (தேவதிரவிய அனுமானத்தையே) குறிக்கிறது என்று கத்தோலிக்க ஆயர்களின் திரிதெந்துப் பொதுச்சங்கம் 1551 நவம்பர் 25இல், 14ஆம் அமர்வில் வரையறுத்தது. குருவின் சொல் வெறும் அறிவிப்பு அல்ல, தீர்ப்புச் சொல் என்றும் அங்கேயே சொல்கிறது. எங்களுக்கும் மெதடிஸ்த சகோதரர்களுக்கும் இடையிலான கோடு இதுதான். தீர்ப்புச் சொல்லவேண்டுமானால் வழக்குத் தெரியவேண்டும்; பாவத்தைத் திறந்து சொல்லச் சொல்வதன் காரணமும் அதுவே.

அதிகாரம் ஒப்படைக்கப்பட்டது என்பதைச் சட்டத்திலேயே காணலாம். பிள்ளைகளுக்கு இது நல்ல சான்று. குருப்பட்டம் மட்டும் போதாது. பாவமன்னிப்பு வழங்க ஆயரிடமிருந்து உரிமையும் பெற்றிருக்கவேண்டும். இல்லாவிட்டால் மன்னிப்பு செல்லாது (சட்டம் 966). தன் மறைமாவட்டத்தில் நிரந்தர உரிமை பெற்ற குரு வேறு இடத்திலும் அதைப் பயன்படுத்தலாம், அந்த இடத்து ஆயர் தடுக்காவிட்டால் (967). மட்டக்களப்பு 2012இல் எங்கள் திருகோணமலை மறைமாவட்டத்திலிருந்து தனியாகப் பிரிந்தது. ஆனாலும் அங்கிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ தவக்காலத் தியானத்துக்கு வருகிற சுவாமி திருகோணமலையில் பாவசங்கீர்த்தனம் கேட்கமுடிவது இதனால்தான். சாகும் ஆபத்தில் மட்டும் எந்தக் குருவும், உரிமை இல்லாதவரும், மன்னிக்கலாம் (976).

இனி ஆயத்தம். பழைய ஞானோபதேசத்தின் ஐந்து படிகளே இன்றும் போதும்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம் (பாவத்துக்காக வருந்துதல்), பிரதிக்கினை (இனிச் செய்யேன் என்ற தீர்மானம்), பாவசங்கீர்த்தனம், அபராதம் தீர்த்தல் (குரு தரும் பரிகாரத்தைச் செய்தல்). பிள்ளைகள் நாலாவதைக் கண்டு பயந்து முதல் மூன்றையும் ஓடிக் கடக்கிறார்கள். நான் சொல்வது நேரத்தை மறுபக்கம் போடுங்கள். முந்தின நாள் இரவு பத்துக் கட்டளையோடு இருபது நிமிடம் அமைதியாக இருக்கட்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மூன்று நிமிடம் போதும்.

உள்ளே போனதும் சிலுவை அடையாளம். கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து எவ்வளவு காலம் என்பது. பிறகு பாவங்கள். சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையும் சேர்த்துச் சொல்லவேண்டும் (988). எண்ணிக்கை நினைவில்லாவிட்டால் 'கிழமைக்கு இரண்டு தரம் அளவில், ஆறு மாதமாக' என்று சொன்னாலும் சரி. சாவான பாவமாவதற்குப் பாரதூரமான விடயம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தால் அது சாவான பாவம் ஆகாது. இதைச் சொல்லாமல் விட்டால் மனச்சாட்சி மென்மையான பிள்ளை எல்லாவற்றையும் சாவான பாவமாக எண்ணி வாடும். பிறகு குருவின் அறிவுரை, அபராதம், மனஸ்தாப மந்திரம். கடைசியாகக் குரு கையை விரித்துச் சொல்லும் மன்னிப்புச் செபம், அதற்கு 'ஆமென்'.

அந்தச் செபம் மேலே மூலமொழி_வாசகன் காட்டிய இலக்கணத்தையே பின்பற்றுகிறது. முதலில் இரக்கமுள்ள தந்தை, மகனுடைய சாவு உயிர்ப்பு, தூய ஆவி. பிறகுதான் மூவொரு கடவுளின் பெயரால் 'நான் உம்மை விடுவிக்கிறேன்' என்ற தன்மை வினை. கிரேக்கக் கீழைத் திருச்சபைகள் 'கடவுள் உன்னை மன்னிப்பாராக' என்ற வடிவத்தைப் பயன்படுத்துகின்றன. அதையும் கத்தோலிக்கத் திருச்சபை செல்லுபடியானதாகவே ஏற்கிறது.

எங்கே கெடும்? சாவான பாவத்தைத் தெரிந்தே மறைத்தால் முழுப் பாவசங்கீர்த்தனமும் செல்லாது. மறந்துபோனால் கெடாது; அது மன்னிக்கப்பட்டதுதான், நினைவு வந்தால் அடுத்த முறை சொன்னால் சரி. எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் வந்தால் அங்கே பிரதிக்கினை இல்லை. மற்றவர்களுடைய பாவத்தையும் பெயரையும் சொல்வது பெரிய பிழை. தங்களுடையதை மட்டும் சொல்லட்டும். போனிலோ வட்ஸ்அப்பிலோ பாவசங்கீர்த்தனம் கிடையாது. இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று 2002இலேயே வத்திக்கான் எழுதிவிட்டது. பாஷை தெரியாத குருவிடம் மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சொல்லலாம் (990). அவரும் இரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர்.

இரகசிய முத்திரையைப் பற்றி ஒரு வரி: குரு எந்தக் காரணத்துக்காகவும் சொல்லாலோ சாடையாலோ வெளிவிடமுடியாது (983). நேரடியாக மீறினால் அந்தக் கணமே திருச்சபை விலக்கு, அதை நீக்குவது திருப்பீடத்திடம் (உரோமையிடம்) மட்டும் (1386). பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் துணிவு தரும் செய்தி வேறில்லை.

பாலையூற்று_ரீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு விடயம் மிச்சம். பாவத்தில் இருக்கிற குரு தந்த மன்னிப்பு செல்லுமா என்று நிச்சயம் கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் பேச்சு நின்ற நோயாளிக்கு என்ன செய்வது? ஒரு பிள்ளையின் வீட்டில் அப்படி நடந்து, பாவசங்கீர்த்தனம் இல்லாமல் போய்விட்டாரே என்று தவிக்கிறார்கள். சைவப் பிள்ளை கேட்ட, செய்த வினை பற்றிய கேள்வியும் அப்படியே இருக்கிறது.

உப்புவெளிப்_பங்கு:

செல்லும். நாலாம் நூற்றாண்டில் வட ஆபிரிக்காவில் தொனாத்து பிரிவினர் இதே கேள்வியை எழுப்பினார்கள். யூதாஸ் திருமுழுக்குக் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே என்பது புனித அகுஸ்தீனாருடைய விடை. திரிதெந்துச் சங்கம் அதைப் பாவமன்னிப்புக்கும் சொன்னது. அதிகாரம் குருவின் சொந்தப் புனிதத்திலிருந்து வந்திருந்தால்தான் அவர் பாவத்தால் அது போகும். ஒரே விதிவிலக்கு: ஆறாம் கட்டளைக்கு (கத்தோலிக்க எண்ணிக்கையில் 'விபசாரம் செய்யாதே') எதிரான பாவத்தில் தன்னோடு பங்காளியானவரை அந்தக் குரு மன்னிக்கமுடியாது, சாகும் ஆபத்தைத் தவிர, மன்னித்தாலும் செல்லாது (977).

அந்த வீட்டாருக்கு ஆறுதலாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. கடவுளை நேசிப்பதால் எழும் உத்தம மனஸ்தாபம், கூடிய விரைவில் பாவசங்கீர்த்தனம் செய்யும் உறுதியோடு இருந்தால், சாவான பாவத்துக்கும் மன்னிப்பைப் பெற்றுத்தரும் (மறைக்கல்வி ஏடு 1452). கடவுள் அருளடையாளங்களுக்குள் கட்டுப்பட்டவர் அல்ல. கடைசி மணித்தியாலத்தில் அவர் உள்ளத்தில் நடந்தது எங்களுக்குத் தெரியாது, ஆண்டவருக்குத் தெரியும். அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கட்டும்.

இனிமேல் நோயாளி இருந்தால் நினைவு நிற்கும்போதே சுவாமியைக் கூப்பிடுங்கள். 'பார்த்தால் பயந்துவிடுவார்' என்று பிந்துவதுதான் வழமையான பிழை. பேச்சு நின்றாலும் கையை அழுத்துவது, கண்ணசைப்பது போதும். நினைவும் போய்விட்டால் நோயில்பூசுதல் (குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருளடையாளம்) உண்டு. பாவசங்கீர்த்தனம் செய்ய இயலாதவருக்கு அதுவே பாவமன்னிப்பும் தரும் (யாக்கோபு 5:14-15). வார்ட் நேர்ஸிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள். சுவாமி வந்ததும் வீட்டார் கொஞ்சம் விலகி நிற்கட்டும், பாவசங்கீர்த்தனம் காதில் விழக்கூடாது. ஒட்சிசன் பூட்டியிருந்தால் மெழுகுதிரி கொளுத்தவேண்டாம்.

மூலமொழி_வாசகன்:

வினை பற்றி. அந்தச் சைவப் பிள்ளையின் கேள்வி கனமானது, தட்டிக்கழிக்க வேண்டாம். செய்ததற்கு விளைவு உண்டு என்பதை விவிலியமும் சொல்கிறது. நாத்தான் தாவீதுக்கு மன்னிப்பை அறிவித்த அதே பகுதியில், வாள் உன் வீட்டை விட்டு நீங்காது என்ற சொல்லும் இருக்கிறது (2 சாமுவேல் 12:10). பாவத்தால் கடவுளோடு முறிந்த உறவு ஒன்று. உலகத்தில் அது விட்டுச்சென்ற சேதம் வேறொன்று. மன்னிப்பு முறிந்த உறவை அந்தக் கணமே கட்டுகிறது. சேதம் கிடக்கும். கத்தோலிக்க மரபில் அபராதம் இருப்பதும், லூக்கா 19:8இல் சக்கேயு நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்வதும் அதற்காகத்தான்.

இரண்டு நம்பிக்கைகளும் உண்மையில் வேறுபடும் இடத்தையும் மறைக்கவேண்டாம். பாவம் ஒருவருக்கு எதிராகச் செய்யப்பட்டது என்று கிறிஸ்தவம் நம்புகிறது: 'உமக்கு எதிராக மட்டுமே' என்று திருப்பாடல் 51 சொல்வது அதைத்தான். கடனாக இருந்தால் கடன் கொடுத்தவர் தள்ளுபடி செய்யலாம். மத்தேயு 18:23-35 உவமையில் அரசர் செய்வது அதுவே. தள்ளுபடி செய்தால் அந்தப் பாரத்தை ஒருவர் சுமக்கவேண்டும். அதைச் சுமந்தவர் சிலுவையில் தொங்கினவர் என்பது எங்கள் விசுவாசம். ஆகவே பிள்ளை தன் தோழனுக்கு இப்படிச் சொல்லலாம்: "அது சும்மா போகேல்ல. கடன்பட்டவன் அனுபவிக்கவேண்டியதை, கடன் தந்தவரே எடுத்துக்கொண்டார்."

பெரிய வெள்ளிக்கு முந்தின வகுப்பில் இந்த மூன்றாவது கேள்வியை எடுத்தால், நேரே சிலுவைப்பாதைக்குள் போகலாம்.